தூள் இல்லாத கல்

"ஆழம் எவ்வளவு?"

கல், மண், ஜல்லி விற்கும் அந்தக் கிடங்குக்கு யார் போன் செய்தாலும் முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். வணக்கமெல்லாம் அதற்குப் பிறகு. நீளத்தையும் அகலத்தையும் ஜனங்கள் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள். ஆழத்தை மட்டும் ஒருவரும் யோசித்து வைத்திருக்க மாட்டார்கள். "ஆழமா? கொஞ்சம் தாராளமாவே போட்டு விடுங்க" என்பார்கள். "தாராளத்துக்குக் கணக்கு கிடையாதுங்க, இஞ்ச்ல சொல்லுங்க" என்பாள் அவள். இப்படிக் கேட்டுக் கேட்டே அவளுக்கு "ஆழம் அக்கா" என்று பெயர் விழுந்துவிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளியும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் அந்தத் தகர அறையைப் பெருக்கி, டீ போட்டுக் கொடுக்க வந்தவள். ஆர்டர் எழுதுபவர் மஞ்சள் காமாலையில் படுத்த வாரம், மணி அடித்துக்கொண்டே இருந்த போனை எடுத்தாள். அதன் பிறகு கீழே வைக்கவில்லை. யாரும் அவளுக்குக் கணக்குச் சொல்லித் தரவில்லை. மகளின் பழைய செருப்புப் பெட்டியில் மணலை நிரப்பி, நனைத்து, காயவைத்து, தட்டி, மறுபடி அளந்து பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டாள். லேசாக ஈரமான மணல் உப்பிக்கொள்ளும், அதை நம்பி வாங்கினால் கையில் குறையும். தோட்டத்துக்குக் கொட்டிய மண் இரண்டு மழையில் ஐந்தில் ஒரு பங்கு உட்கார்ந்துவிடும். உருண்டைக் கல் ஒன்றோடொன்று பிடிக்காது. உடைத்த கல்லோடு கிரஷர் தூளைச் சேர்த்து நனைத்துத் தட்டினால் தரை போல இறுகிவிடும். இதெல்லாம் அவள் விரல் நுனியில் இருந்தன.

மொட்டை மாடியில் தோட்டம் போட இரண்டு டிப்பர் மண் கேட்ட ஒருவரிடம், "மாடியில நாலு யானையை நிறுத்தி வைப்பீங்களா?" என்று கேட்டாள். அவர் கோபமாகப் போனை வைத்துவிட்டார். மறுநாள் அவருடைய மனைவி கூப்பிட்டு, "நீங்க சொன்னதுக்கப்புறம்தான் கொத்தனாரைக் கேட்டாரு, வீட்டைக் காப்பாத்தினீங்க" என்றாள்.

ஆரம்பத்தில் யாராவது தவறான கல்லைக் கேட்டால் விளக்கிச் சொல்வாள். "கல்லுன்னா கல்லுதானேம்மா, அதுல என்ன பெரிய ஆராய்ச்சி?" என்று எதிர்வாதம் வரும். ஒரு லோடுக்கு அரை மணி நேரம் தொண்டை வறள வேண்டியிருந்தது. போகப் போக விளக்குவதை விட்டுவிட்டாள். கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்டு, எது சரியோ அதைச் சீட்டில் எழுதி டிப்பரை அனுப்பிவிடுவாள். விலை ஏறாமல் மட்டும் பார்த்துக்கொள்வாள். அவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. தெரிந்த சிலரும் நன்றிதான் சொன்னார்கள். பத்தொன்பது வருடத்தில் ஒரு லோடுகூடத் திரும்பி வந்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை வந்த குரல் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எடுத்து வைப்பது போல இருந்தது.

"ஆழம் எவ்வளவுங்க?"

"மூணு இஞ்ச். நீளம் முப்பது அடி, அகலம் பத்தடி. கேட்லேர்ந்து வீட்டு வாசல் வரைக்கும். உடைச்ச கல். தூள் இருக்கக் கூடாது. ஒரு சிட்டிகைகூட."

ஆழத்தை யோசிக்காமல் இஞ்ச்சில் சொன்ன மனிதர்! அவளுக்கு உடனே மரியாதை வந்தது. "எழுபத்தஞ்சு கன அடிங்க. வண்டி வந்து போறதுக்கா?"

"வண்டியெல்லாம் இல்ல. நடக்கத்தான்."

"வீட்ல வயசானவங்க இருக்காங்களா?"

"நான்தாம்மா இருக்கேன். கண்ணு போயிடுச்சு. வெளிச்சம் எது, நிழல் எதுன்னு தெரியும். அவ்வளவுதான்."

அவள் பேனா நின்றுவிட்டது. கண் தெரியாத மனிதர், தூள் இல்லாமல் உதிரியாகக் கிடக்கும் கல்லின் மேல், மூன்று அங்குல ஆழத்தில் தடியை ஊன்றி நடக்கப் போகிறார். கால் புரளும், தடி புதையும், இடுப்பு எலும்பு போகும். யாரோ அரைகுறை மேஸ்திரி சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்தாள். "சரிங்க சார், நாளைக்கு வந்துடும்" என்றாள். சீட்டில், தூள் கலந்த ஜல்லி, நனைத்துத் திமிசுக்கட்டையால் இறுக்கித் தரவும் என்று எழுதினாள். இறுக்கித் தருவது கிடங்கின் வேலையே இல்லை. அது இவளே சேர்த்த தர்மம்.

டிப்பர் ஓட்டுபவனை எல்லாரும் "ரிவர்ஸ்" என்பார்கள். எந்தக் கேட்டுக்குள்ளும் முன்பக்கமாக நுழைந்த பழக்கம் அவனுக்கு இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தவன் சட்டையை உதறினான்.

"அக்கா, சிமெண்ட் தரை தோத்துடும். அந்த மாதிரி அடிச்சு வெச்சிருக்கேன். ஒரு விஷயம். அந்த சாரு, 'தம்பி, தூள் இல்லையே?'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"அக்கா அனுப்பினா சரியாத்தான் இருக்கும்னு சொன்னேன். பொய் சொல்லலையே?"

"போதும், போ" என்றாள். ஆனால் அந்தப் பதில் அவளுக்கு என்னவோ போல இருந்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அதே குரல்.

"அம்மா, நான் கேட்டது கல். நீங்க அனுப்பினது தரை."

"சார், நடக்கறதுக்கு அதுதான்..."

"நடக்க ரொம்ப நல்லா இருக்கு. குறையே சொல்ல மாட்டேன். நாலு தடவை நடந்து பாத்தேன். என் காலடி எனக்கே கேக்கல. அதுக்குத்தான் போன் பண்றேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அவர் சொன்னார்.

"போன மாசம் ஒரு மத்தியானம். முன் ரூம்ல ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தேன். ரேடியோவை நிறுத்தினதும் பக்கத்துல ஒருத்தர் மூச்சு விடற சத்தம். யாருன்னு கேட்டேன். பதில் இல்ல. கொஞ்ச நேரத்துல மூச்சும் இல்ல. வீட்ல ஒரு பொருள் போகல. ஆனா அன்னியிலேர்ந்து நாற்காலியை செவத்தோட ஒட்டிப் போட்டுக்கிட்டுத்தான் உக்கார்றேன். வாய் தவறி மக கிட்ட சொல்லிட்டேன். அவ்வளவுதான், பெட்டியைக் கட்டுங்க, எங்கூட வந்துடுங்கன்னு ஆரம்பிச்சுட்டா. நல்ல பொண்ணு. மாப்பிள்ளையும் தங்கம். ஆனா அந்த ஃப்ளாட்ல சுவிட்ச் எங்கே, குழாய் எங்கேன்னு நான் எப்பக் கத்துக்கறது? இந்த வீட்ல எனக்குக் கண்ணு தேவையில்லம்மா. ஒவ்வொரு மூலையும் மனப்பாடம்."

"சார்..."

"அவ கிட்ட ஒரு பந்தயம் போட்டேன். ஞாயித்துக்கிழமை நீ வா. கேட்லேர்ந்து கதவு கிட்ட வர்றதுக்குள்ள, வர்றது யாரு, எங்க வர்றாங்கன்னு நான் சொல்லிட்டா இங்கேயே இருப்பேன். சொல்லலைன்னா அன்னிக்கே உன் வண்டியில ஏறிடறேன்னு. கல்லு சத்தம் போடணும். தூள் இருந்தா அது வாயை மூடிக்கும். அதனாலதான் ஒரு சிட்டிகைகூட வேணாம்னு சொன்னேன்."

"நீங்க விழுந்துடுவீங்களோன்னு... உங்க நல்லதுக்குத்தான் சார் செஞ்சேன்."

"என் மகளும் இதே வார்த்தையத்தான் சொல்றா." கோபம் இல்லாத குரல். அதுதான் இன்னும் குத்தியது. "நான் அச்சகத்துல முப்பத்தாறு வருஷம் பிழை திருத்தினவன். எழுதினவர் தப்பா எழுதியிருக்காருன்னு எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சாலும் நானா மாத்த மாட்டேன். ஓரத்துல ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்புவேன். பாதி தடவை அவர்தான் சரியா இருப்பாரு. நீங்க ஒரு கேள்விக்குறி போட்டிருக்கலாம்." கொஞ்சம் பொறுத்து, "வெச்சுடட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தார்.

அன்று வந்த மற்ற ஆர்டர்களில் இரண்டை அவள் தப்பாக எழுதினாள்.

சாயங்காலம் வீட்டில் அடுப்புக்கு முன்னால் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. சமையலறை கடைசியில். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அங்கே நிற்க முடியும். படிக்கட்டில் சத்தம் கேட்டது. இடது செருப்பு தரையைத் தேய்த்தது. நடு வளைவில் ஒரு நிறுத்தம், சாவிக் கொத்து இடுப்பிலிருந்து கைக்கு மாறியது.

"பல்பு வாங்கினீங்களா, இன்னிக்கும் மறந்தாச்சா?" என்றாள் திரும்பாமல்.

லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் கணவர் வாசலிலேயே நின்றார். "இன்னும் கதவே தொறக்கல. அதுக்குள்ள விசாரணை ஆரம்பிச்சாச்சா? நான்தான்னு எப்படித் தெரியும்?"

"இருபத்தஞ்சு வருஷமா அந்தச் செருப்பைத் தேச்சுக்கிட்டே வர்றீங்க. தெரியாதா?"

சொல்லிவிட்டு நறுக்குவதை நிறுத்தினாள். மகள் வந்தால் இரண்டு இரண்டு படியாகத் தாவுவாள். கீழ் வீட்டுக்காரி வந்தால் வளையல் கைப்பிடியில் இடிக்கும். யாரையும் திரும்பிப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. இந்தப் படிக்கட்டு ஒரு நாள் ஊமையாகிப் போனால்? முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டால்?

"என்ன, கையை வெட்டிக்கிட்டியா?" என்றார் கணவர்.

"இல்ல. வாயை அடைச்சுட்டேன்" என்றாள்.

"உன் வாயையா? பல்பு வாங்கினதுக்கு இதான் பலன்னா தினமும் ஒண்ணு வாங்கறேன்."

வியாழக்கிழமை காலை முதலாளி வந்து உட்காருவதற்கு முன்பே அவர் மேசை முன்னால் போய் நின்றாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். "தப்பு என்னோடது. இன்னொரு லோடு அனுப்பணும். சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

கொட்டிய கல்லைத் திரும்ப எடுப்பதில்லை என்று சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதி வைத்திருக்கும் மனிதர் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பத்தொன்பது வருஷத்துல நீங்க தப்புன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. அந்த வார்த்தைக்கே ஒரு லோடு தரலாம். பிடிப்பெல்லாம் ஒண்ணும் வேணாம், போங்க. ஆனா போட்டதை எல்லாம் தோண்டி எடுக்கணுமே? அவ்வளவு ஆள் இல்லையே நம்மகிட்ட?"

"அதைப் பாத்துட்டுச் சொல்றேன்."

"பாத்துட்டா? நீங்களா?"

அவர் ஆச்சரியப்பட்டதில் நியாயம் இருந்தது. ஊர் முழுக்க எத்தனையோ வாசல்களுக்கும் தோட்டங்களுக்கும் அளவு எழுதியவள். ஒன்றைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை.

ஐந்து சாக்குகளை டிப்பரில் ஏற்றினார்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு கன அடி. கால் இஞ்ச், அரை இஞ்ச், முக்கால் இஞ்ச், ஒன்றரை இஞ்ச் ஜல்லி, ஐந்தாவதில் கூழாங்கல். ரிவர்ஸ் தன் வழக்கப்படி பின்பக்கமாகவே அந்தத் தெருவுக்குள் நுழைந்தான்.

சாம்பல் நிறக் கேட், ஒற்றை மாடி வீடு, வலது பக்கம் தண்ணீர்த் தொட்டி. கேட்டிலிருந்து கதவு வரைக்கும் அவளுடைய தரை பளபளவென்று கிடந்தது. அதன் மேல் நடந்தாள். பூனை நடப்பது போல இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் ஒல்லியான மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி சுவரோடு ஒட்டியிருந்தது. மூன்றடிக்குள் வந்த பிறகும் அவர் முகம் திரும்பவில்லை.

"சார்" என்றாள் மெதுவாக.

அவர் உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது. கை தடியைத் தேடியது.

"நான்தான் சார். ஆழம் கேட்டவ."

மூச்சு திரும்பி வர அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "பாத்தீங்களா?" என்றார். பிறகு, தன்னைத் தானே கேலி செய்து கொள்வது போல, "நீங்க பாத்திருப்பீங்க" என்றார்.

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மன்னிப்புக் கேட்டால் அவர் பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டுவிடுவார், அதற்கும் தகுதி வேண்டும் என்று தோன்றியது. "அஞ்சு வகைக் கல்லு கொண்டு வந்திருக்கேன். எது வேணும்னு நீங்க கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

தரை மேல் ஐந்து சாக்கையும் தனித்தனிப் பாத்தியாகக் கொட்டிப் பரப்பினார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து காதைச் சாய்த்துக்கொண்டார். அவளும் ரிவர்ஸும் மாறி மாறி நடந்தார்கள்.

"லோடு அடிக்க வந்தவனை நடந்து காட்டச் சொல்றீங்களே அக்கா. பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கு" என்று புலம்பினான் ரிவர்ஸ்.

"பேசாம நட தம்பி. உன் வாய்ச் சத்தத்துல கல்லுச் சத்தம் கேக்கல" என்றார் பிழை திருத்துபவர்.

கூழாங்கல்லின் மேல் நடந்தபோது தலையை ஆட்டினார். "இது தண்ணி மாதிரி ஓடுது. யாரு நடந்தாலும் ஒரே சத்தம்." கால் இஞ்ச் ஜல்லிக்கு, "இது முணுமுணுக்குது. ரேடியோ பாடினா கேக்காது." ஒன்றரை இஞ்சுக்கு, "இது போதும் போதும்கற அளவுக்குக் கேக்குது. ஆனா என் தடி சிக்கிக்கும்." முக்கால் இஞ்சுக்கு யோசித்தார். கடைசியில் அரை இஞ்ச் ஜல்லியின் மேல் இருவரும் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். அவர் முகம் மலர்ந்தது.

"நில்லுங்க. முதல்ல வந்தது நீங்கம்மா. குதிகாலை முதல்ல வெக்கறீங்க, அவசரக்காரங்க நடை. பின்னாடி தம்பி. வலது கால்ல பாரத்தைப் போடறாரு. எப்பவும் பிரேக் மிதிக்கற காலு."

ரிவர்ஸ் தன் வலது காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான். "அக்கா, இவரு கிட்ட நான் இனிமே வாயே தொறக்க மாட்டேன்."

"இதுதான் வேணும். மூணு இஞ்ச்" என்றார் அவர்.

அவள் வாய் வரைக்கும் வந்துவிட்டது, இரண்டு இஞ்ச் போதும் என்று. நிறுத்திக்கொண்டாள். "ஒரு கேள்விக்குறி போடலாமா சார்?"

அவர் சிரித்தார். "போடுங்க."

"மூணு இஞ்ச் உதிரியா இருந்தா தடி புதையும். ரெண்டு இஞ்ச்னா அடியில கெட்டியான தரை தட்டும், நீங்க ஊன்றி நடக்கலாம். இன்னொண்ணு. நீங்க முதல்ல கேட்ட மாதிரி வெறும் மண்ணு மேல இந்தக் கல்லைப் போட்டிருந்தா, ஒரு மழைக்காலத்துல பாதிக் கல்லு மண்ணுக்குள்ள இறங்கியிருக்கும். சேறு ஏறி அதுவும் ஊமையாயிருக்கும். இப்ப அடியில இறுகின தரை இருக்கு. கல்லு மேலேயே நிக்கும். சத்தம் குறையாது."

"அப்ப உங்க தப்பும் என் தப்பும் சேந்துதான் சரியாகுதுங்கறீங்க."

"ஆமா சார். தோண்ட வேண்டியதில்ல. அம்பது கன அடி போதும்."

வெள்ளிக்கிழமை, சலித்துக் கழுவிய அரை இஞ்ச் ஜல்லி ஐம்பது கன அடி வந்தது. அவளே கிடங்கில் ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, கையை விட்டு அளைந்து, உள்ளங்கையில் தூள் ஒட்டுகிறதா என்று பார்த்து ஏற்றியிருந்தாள். சாயங்காலத்துக்குள் பரப்பி முடித்தார்கள். ஜன்னலுக்கு உள்ளேயிருந்து அவர், "இப்ப மண்வெட்டி எடுத்தது தம்பி... இப்ப நீங்க தண்ணி குடிக்கப் போறீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாற்காலி சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் வந்திருந்தது.

கிளம்பும்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். வலது பக்கச் சுவரை ஒட்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிக் கதவு வரைக்கும் முக்கால் அடி அகலத்துக்கு வெறும் மண். சுவரைத் தடவிக்கொண்டு ஒருவர் அதன் மேல் சத்தமே இல்லாமல் வந்துவிடலாம்.

"சார், அகலம் பத்தடின்னு சொன்னீங்களே. பத்தே முக்கால் இருக்கே?"

"தெரியும்மா. அந்த முக்கால் அடி என் மனைவி செடி வெச்ச இடம். கயிறு போட்டு அளக்கறப்ப அதை விட்டுட்டுத்தான் அளந்தேன். செடியெல்லாம் போய் மூணு வருஷம் ஆச்சு. பழக்கம், விட்டுட்டேன்."

முன்பென்றால் சனிக்கிழமையே ஆளை அனுப்பி மூடியிருப்பாள். "அங்கே கல் போடலாமா, வேணாமா? நீங்க சொல்ற மாதிரி செய்யறேன்" என்றாள்.

அவர் ராத்திரி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். சனிக்கிழமை போன் வந்தது. "போடுங்கம்மா. அவளும் பயந்த சுபாவம்தான். இருந்தா அவளே போடச் சொல்லியிருப்பா."

ஞாயிற்றுக்கிழமை கிடங்கு கிடையாது. வியாழக்கிழமை நடந்து பார்த்த பிறகு திரும்ப அள்ளிய மற்ற நாலு வகைக் கல் சாக்குகள் அவர் வீட்டு வராந்தாவில் இருந்தன. மண்வெட்டியோடு அவளே போனாள். முப்பது அடியை நாலாகப் பிரித்து, எந்தக் கல் எங்கே என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே பரப்பினாள். கேட் பக்கம் ஏழரை அடிக்குக் கால் இஞ்ச் ஜல்லி. அடுத்து கூழாங்கல். அதற்கடுத்து, தண்ணீர்த் தொட்டியை ஒட்டி முக்கால் இஞ்ச். கடைசியில் கதவுப் பக்கம் ஒன்றரை இஞ்ச். எல்லாம் சரியாக இரண்டு இஞ்ச் வந்தது. கையைக் கழுவிவிட்டு முன் அறையில் வந்து உட்கார்ந்தபோது மணி பத்தேகால். அவர் மகள் மதியம்தான் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"மோர் தரட்டுமா?" என்று எழுந்து போனவர் இரண்டு டம்ளரோடு திரும்பி வந்து உட்கார்ந்தார். ரேடியோவில் ஏதோ வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னல் வழியாக அவள் கேட்டைப் பார்த்தாள். கேட் திறந்திருந்தது. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி அங்கே குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அதே ஒல்லி, அதே நெற்றி. கேட்டின் கீல் கத்தாமல் இருக்க ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள். ஜன்னலுக்குள் ஒரு அந்நிய முகத்தைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள். கண்ணில் விளையாட்டு இல்லை. எப்படியாவது அப்பாவை அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்ற பயம்தான் இருந்தது.

நடுவில் பரந்து கிடந்த கல்லை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அவள் பொடிக்கல்லாகத் தெரிந்த சுவரோரமாக ஒதுங்கினாள்.

ஆழம் அக்காவுக்குத் தொண்டை அரித்தது. ஒரு இருமல் போதும். டம்ளரைக் கொஞ்சம் ஓசையாக வைத்தால்கூடப் போதும். அவர் நல்லதுக்குத்தானே. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

கால் இஞ்ச் ஜல்லியின் மேல் இரண்டு எட்டு. அவர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். மூன்று, நாலு. ரேடியோ வாசித்துக்கொண்டே இருந்தது. ஏழரை அடி முடிந்துவிட்டது. கூழாங்கல்லில் வெறும் கால் பட்டது.

அவர் கை நீண்டு ரேடியோவை அணைத்தது.

"யாரோ கேட்டைத் தாண்டி ஓரமா வர்றாங்க" என்றார் அமைதியாக. "செருப்பு இல்ல."

மகள் அப்படியே நின்றுவிட்டாள். அரை நிமிடம் அசையவில்லை. பிறகு மெதுவாகக் காலை எடுத்து வைத்தாள். முக்கால் இஞ்ச் ஜல்லி காலில் குத்தியிருக்க வேண்டும். ஸ் என்று மூச்சை இழுத்தாள்.

"தண்ணித் தொட்டி கிட்ட நிக்கறே" என்றார் அவர். "சின்ன வயசுலயும் இப்படித்தான். திருட்டுத்தனம் பண்றப்ப கட்டைவிரல்ல நடப்பே. நடுவுல வாம்மா. அடுத்தாப்பல ஒன்றரை இஞ்ச் கல்லு, காலைக் கிழிச்சுடும்."

மகள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டே நடுவே வந்து, சடசடவென்று நடந்து, கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழைந்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் சண்டைக்குத்தான் வந்தாள். "ஏமாத்தறீங்கப்பா! இவங்க ஜன்னல்லேர்ந்து பாத்துச் சொல்லிட்டாங்க."

"நான் வாயே தொறக்கலம்மா" என்றாள் ஆழம் அக்கா.

"அவங்க வாயைத் தொறக்காம இருந்தது எனக்கே ஆச்சரியம்தான்" என்றார் அவர்.

மகள் அவர் காலடியில் உட்கார்ந்து, சிவந்துபோன தன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "ஆறு மாசம்" என்றாள் கடைசியில். "ஆறு மாசம் பாப்பேன். தினமும் காலையில போன் பண்ணணும். அதுக்கப்புறம் மறுபடி சொல்லாம வருவேன், ஷூ போட்டுக்கிட்டு."

"வா. ஷூவோட நம்பரையும் சேத்துச் சொல்றேன்."

ஆழம் அக்கா எழுந்தாள். அவர் ரேடியோவைத் திரும்பப் போடவில்லை. அவள் நடந்து கேட்டைத் தாண்டும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரிந்தது. குதிகாலைக் கொஞ்சம் அழுத்தியே வைத்து நடந்தாள்.

மறுநாள் ஒரு பெண்மணி, குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு ஒன்றரை இஞ்ச் ஜல்லி ஒரு லோடு வேண்டும் என்றாள். ஆழம் அக்கா கேட்டதைக் கேட்டபடியே எழுதினாள். வேறு போன் வந்துவிட்டதால், "பத்து நிமிஷத்துல நானே கூப்பிட்டு ஒரு சந்தேகம் கேக்கறேன்" என்று சொல்லி வைத்தாள். சீட்டின் ஓரத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டாள்.

ரிவர்ஸ் அந்தச் சீட்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, இதை ஏத்தறதா, வேணாமா?"

"வண்டியை ஆஃப் பண்ணிட்டுப் போய் டீ குடி" என்றாள் அவள். "இன்னும் கேக்கல."